பழைய போர் விமானத்தை லாரியில் ஏற்றி வேலூர் கொண்டுவருவது எப்படி

மிக்-21 தன் சக்கரத்தில் நிற்கும்போது வால் நுனி தரையிலிருந்து 4.1 மீட்டர். கிரண் பயிற்சி விமானத்துக்கு 3.6 மீட்டர். நாட் விமானத்துக்கு இரண்டரை மீட்டர்கூட இல்லை. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய முதல் எண் இதுதான். எந்த டிரெய்லர், எத்தனை துண்டு, எந்த வழி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும். விமானத்தைப் பார்த்ததும் எல்லாரும் இறக்கையின் அகலத்தைக் கண்டு மலைப்பார்கள். இறக்கையை எப்படியும் கழற்றத்தான் போகிறோம். வழியில் ஆளைத் திணறவைப்பது உயரம்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. ஓய்வுபெற்ற விமானம் ஒன்றைக் கல்லூரி வாசலிலோ ஊர் முகப்பிலோ நிறுத்த வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கம் வருவது இயல்பு. கடைசி மிக்-21கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற பிறகு அந்த ஆசைக்கு இன்னும் காரணம் கூடியிருக்கிறது. விமானம் கிடைப்பது ஒரு பாதி. அதை நசுங்காமல், விரிசல் விடாமல், யாருக்கும் அடிபடாமல் கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

கணக்கு இப்படிப் போகும். மோட்டார் வாகன விதிப்படி சரக்கு வண்டி லோடோடு சேர்த்து 2.6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். அதைத் தாண்டினால் ஓ.டி.சி. லோடு, தனி அனுமதி வேண்டும். சாதாரண டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். தாழ்ந்த தளமுள்ள லோ-பெட் என்றால் 90 செ.மீ. முதல் ஒரு மீட்டர். நாட் விமானத்தை லோ-பெட்டில் சக்கரத்தோடு நிறுத்தினாலும் மூன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். கிரணை அப்படி நிறுத்தினால் நான்கரை மீட்டர். மிக்-21 ஐந்தைத் தாண்டும். ஆகவே கிரணுக்குச் சக்கரக்காலை மடக்கி வயிற்றைத் தாங்கியில் உட்கார வைக்க வேண்டும், அல்லது வாலில் செங்குத்தாக நிற்கும் ஃபின்னைக் கழற்ற வேண்டும். மிக்-21க்கு இரண்டுமே போதாது, உடலையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். நல்லவேளையாக அந்த விமானம் பிரிவதற்கென்றே கட்டப்பட்டது: எஞ்சினை வெளியே எடுக்கப் பின் உடலை முழுசாகக் கழற்றுவதுதான் அதன் வழக்கமான பராமரிப்பு முறை. கழற்றிய பின் உடலை நிமிர்த்தி வைத்தே கொண்டுவர வேண்டுமென்றால், அடிவயிற்றிலிருந்து ஃபின் நுனி வரை 3 மீட்டருக்குள் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். புத்தகத்தில் இருக்கும் அளவை நம்பி டிரெய்லர் பேசக் கூடாது. தளத்தின் உயரத்தையும் டிரெய்லர் உரிமையாளர் சொல்வதை வைத்து எழுதாதீர்கள். டயர் மாற்றியிருப்பார், பலகை அடித்திருப்பார். நேரில் போய் அளக்க வேண்டும்.

அகலத்தில் மறந்துபோகிற ஒன்று வால் இறக்கை. மிக்-21 வால் இறக்கை நுனிக்கு நுனி 3.74 மீட்டர். பெரிய இறக்கையைக் கழற்றிவிட்டோம், இனி 2.6க்குள்தான் என்று நினைத்து ஏற்றிய பிறகு டேப் பிடித்தால் ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் லோடு நீட்டினால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்.

இனி கழற்றும் வேலை. ஸ்பானரைத் தொடும் முன் இந்த விமானத்தில் உயிரை எடுக்கக்கூடியவை என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, விமானியை வெளியே தூக்கியெறியும் எஜெக்‌ஷன் சீட். கிரணில் மார்ட்டின்-பேக்கர், மிக்-21இல் பெரும்பாலும் கே.எம்.-1. இரண்டிலுமே வெடி கார்ட்ரிட்ஜ் உண்டு. காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனபியைத் தூக்கியெறியவும் தனிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். இவை நீக்கப்பட்டன என்று படைப்பிரிவு ஆயுதப் பிரிவின் கையெழுத்தோடு சான்றிதழ் வாங்காமல் காக்பிட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ‘எடுத்துட்டோம் சார், ஒண்ணும் இல்ல’ என்ற வாய்ச்சொல் போதாது. பழைய கார்ட்ரிட்ஜ் செத்துப்போயிருக்கும் என்று நினைப்பதும் ஆபத்து. வயதாக ஆக அதன் குணத்தை யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அழுத்தம். ஆக்ஸிஜன் சிலிண்டர், காற்று பாட்டில், ஹைட்ராலிக் அக்குமுலேட்டர், சக்கரக்காலின் அதிர்வுதாங்கியான ஓலியோ, டயர் இவை ஐந்தும் ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதை நம்பாமல் ஒவ்வொன்றையும் அதற்குரிய வால்வில் மெதுவாகத் திறந்துவிட வேண்டும். விமானச் சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்த்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரமே குண்டாகிவிடும். பஞ்சர் கடையில் கொடுக்கும்போது இதைத் தனியாகச் சொல்லி, வால்வு கோரைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் எரிபொருள். டேங்கை வடித்தாகிவிட்டது என்பார்கள். அடியில் தேங்கிய கால் லிட்டர் கெரசின் வேலூர் வெயிலில் ஆவியாகி இறக்கை முழுவதையும் நிரப்பிவிடும். இறக்கையே டேங்காக இருக்கும் விமானத்தில் கேஸ் கட்டிங் செட் பக்கத்தில்கூட வரக் கூடாது. துரு ஏறிய போல்ட்டைப் பார்த்ததும் ‘கட்டிங் போட்டுடலாம்ணே, அஞ்சு நிமிஷ வேலை’ என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் விமானமும் போகும், சொன்னவரும் போவார். எல்லா டேங்க் மூடியையும் திறந்து, வடிகால்களைத் திறந்து, இரண்டு நாள் காற்றாட விட வேண்டும்.

மிக்-21 பேட்டரி சில்வர்-ஜிங்க் வகை; உள்ளே இருப்பது ஆசிட் இல்லை, காரம். தோலில் பட்டால் உடனே எரியாது, அதனால் கவனிக்காமல் விட்டு ஆழமாகப் புண்ணாகும். பழைய மீட்டர்களில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூச்சு பூசிய காலம் உண்டு. மீட்டர் கண்ணாடி உடைந்திருந்தால் கையால் துடைக்காமல் பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டி, கதிரியக்கம் அளக்கத் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். கடைசியாக, வெகுநாள் வெளியே நின்ற விமானம் என்றால் காற்றுத் துளையிலும் எஞ்சின் வாயிலும் குளவிக்கூடும் பாம்பும் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

இனி எடை. நிற்கும் விமானம் மூன்று சக்கரத்தில் சமநிலையாக இருக்கிறது என்பது முழு விமானத்துக்குத்தான் உண்மை. காட்சிக்குக் கொடுக்கும்போது ரேடார், பீரங்கி, சீட், மூக்குக்குள் இருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் படைப்பிரிவு எடுத்துக்கொண்டிருக்கும். மிக்-21 என்றால் பின்னால் எஞ்சின் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். இந்த நிலையில் இரண்டு பேர் பின்பக்கம் ஏறினாலே மூக்கு தூக்கிக்கொண்டு விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். எஞ்சினை எடுத்துவிட்டால் கதை தலைகீழ், மூக்குப் பக்கம் கனம் கூடிவிடும். ஆகவே முதல் போல்ட்டைக் கழற்றும் முன் வாலுக்கு அடியில் ஒரு முட்டு, மூக்குக்கு ஒரு பாரம் என்று இரண்டும் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பாகத்தைக் கழற்றிய பிறகும் எடை மையம் எங்கே நகர்ந்தது என்று மறுபடி பார்க்க வேண்டும். மூன்று சக்கரத்துக்கும் தனித்தனியே எடை மேடை வைத்து அளந்தால் இரண்டு பெருக்கலில் மையம் கிடைத்துவிடும். அந்த இடத்தில் உடலில் டேப் ஒட்டி வைத்துக்கொண்டால் கிரேன்காரருக்கு வேலை பாதி.

மிக்-21இல் இன்னொரு சிக்கல். அதன் பின் சக்கரக்கால்கள் இறக்கையில் பொருத்தப்பட்டவை. இறக்கையைக் கழற்றினால் காலும் கூடவே போய்விடும், உடல் அந்தரத்தில் நிற்கும். எனவே உடலைத் தாங்கியில் உட்கார வைத்த பிறகுதான் இறக்கை. நாட் விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை. கால் உடலிலேயே மடங்கும். அதன் இறக்கையும் ஒரே துண்டாக முதுகின் மேல் உட்கார்ந்திருப்பது, மேலே தூக்கி எடுத்துவிடலாம். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நாட் கிடைத்தால் அது பாக்கியம்.

இறக்கையைப் பூட்டும் பின் (pin) பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சேதம் இங்கேதான் நடக்கிறது. இறக்கையையும் உடலையும் இணைக்கும் பின்கள் கெட்டியாகப் பொருந்தியவை. இருபது முப்பது ஆண்டு கழித்து எண்ணெய் காய்ந்து துருவும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். ஊடுருவும் எண்ணெயை வேலைக்கு ஒரு வாரம் முன்பே, காலையும் மாலையும் ஊற்றிவர வேண்டும். வேலை நாளன்று இறக்கையைக் கிரேனில் ஸ்லிங் (தூக்கும் பட்டை) போட்டுப் பிடித்து, அதன் எடையை மட்டும் கிரேன் தாங்கும்படி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏற்ற வேண்டும். எடை பின்னின் மேல் இருக்கும்வரை பின் வராது. கிரேன் அளவுக்கு மேல் தூக்கிவிட்டாலும் வராது, அப்போது பின் மேல்பக்கம் அழுந்துகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி உண்டு. அந்த இடம் வந்தால் பின்னின் தலையைப் பிடித்துக் கையால் சுற்ற முடியும். சுற்றுகிறதா என்று ஒருவர் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் கிரேனுக்குச் சைகை கொடுக்க வேண்டும். சுற்ற ஆரம்பித்ததும் பித்தளைக் கம்பி வைத்து, ஒன்றரை கிலோ சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் போதும், பின் நழுவி வரும். சம்மட்டி எடுக்க வேண்டிய நிலை வந்தால் அந்தப் புள்ளி இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இரும்புக் கம்பி வைத்து அடித்தால் பின்னின் முனை பூப்போல விரிந்து, அப்புறம் துளை வழியே வரவே வராது.

வெளியே வந்த பின்னைத் துடைத்து, கிரீஸ் தடவி, அதே துளையில் திரும்பச் செருகி நட்டை விரலால் மாட்டி வைத்துவிடுவதே நல்லது. செருக முடியாதவற்றைத் துணிப் பையில் போட்டு, தகர வில்லையில் எண் குத்திக் கட்ட வேண்டும். காகிதச் சீட்டு எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடும். முன்பக்க ஸ்பாரின் (இறக்கையின் நீளவாக்கு உத்தரம்) பின்னும் பின்பக்க ஸ்பாரின் பின்னும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாறிப் போனால் பூட்டும் நாளன்று கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஏறும். எல்லா எண்ணெய்க் குழாய்க்கும் மூடி, ஒவ்வொரு வயர் பிளக்குக்கும் இரண்டு பக்கமும் ஒரே எண், கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ.

இனித் தாங்கி. விமானத்தின் வெளித்தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு முன்னே பின்னேதான் இருக்கும். பலம் முழுதும் உள்ளே இருக்கும் ஃபிரேமிலும் ஸ்பாரிலும். வெளியே இருந்து ஃபிரேம் எங்கே என்று கண்டுபிடிக்க ரிவெட் வரிசையைப் பார்க்க வேண்டும். உடலைச் சுற்றி வளையமாக ஓடும் ரிவெட் வரிசைக்குக் கீழே ஃபிரேம் இருக்கிறது. நெருக்கமாக இரட்டை வரிசை ஓடினால் அது கனமான ஃபிரேம். முட்டியால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: நடுவில் தட்டினால் டப்பா சத்தம், ஃபிரேம் மேல் தட்டினால் கட்டைச் சத்தம். தாங்கி அந்தக் கனமான ஃபிரேமுக்கு நேராக மட்டுமே வர வேண்டும். பத்து செ.மீ. தள்ளிப்போனாலும் ஆம்பூர் வருவதற்குள் தகட்டில் தாங்கியின் அச்சு விழுந்துவிடும்.

தாங்கிக்கு 150 மி.மீ. இரும்புச் சேனல் அடிச்சட்டமும், மேலே உடலின் வளைவுக்கு வெட்டிய மரமும் எங்களுக்குத் திருப்தியாக இருந்துவருகிறது. வளைவை எடுக்க முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, அட்டை பொருந்திய பிறகே மரத்தில் இறங்க வேண்டும். மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே 12 மி.மீ. ரப்பர் ஷீட். தேங்காய் நார் மெத்தை மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஒரு மழை பட்டால் நாள்கணக்கில் ஈரம் பிடித்து அலுமினியத்தை அரிக்கும். செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரமும் ஆகாது, அதுவும் அரிப்பைத் தொடங்கிவைக்கும். இரும்பு எங்கேயும் நேரடியாக அலுமினியத்தைத் தொடக் கூடாது.

இறக்கையை மட்டமாகப் படுக்கப் போட்டால் அகலத்தைத் தின்னும், யாராவது அதன் மேல் ஏறி நிற்கவும் செய்வார்கள். முன் விளிம்பு கீழே வரும்படி செங்குத்தாக, ஏ வடிவச் சட்டத்தில் சாய்த்து நிறுத்துவது மேல். அடிப்பாகத்தில் ஒரு தாங்கல், வெளிப்பக்கம் ஒரு வலுவான ரிப்பில் (இறக்கைக்குள் குறுக்கே ஓடும் சட்டம்) இன்னொரு தாங்கல். இரண்டும் ரிப்புக்கு நேராக. நிற்கும் இறக்கை காற்றைப் பிடிக்கும், எதிரே வரும் ஆம்னி பஸ்ஸின் காற்றே ஒரு தள்ளு தள்ளும். எனவே சட்டத்துக்கு இரண்டு பக்கமும் குறுக்கு முட்டு வைத்தே ஆக வேண்டும். ஃபிளாப், அய்லரான் போன்ற அசையும் பாகங்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைப்பது நல்லது. முடியாவிட்டால் மரக்கட்டை வைத்து அசையாமல் பூட்ட வேண்டும்.

தூக்குவது. இந்தப் பக்கம் எளிதாகக் கிடைப்பது ஹைட்ரா என்னும் நகரும் கிரேன். 14 டன் ஹைட்ரா என்றால் 14 டன்னை எங்கே வைத்தும் தூக்கும் என்று நினைக்கக் கூடாது. தூக்கும் கையான பூமை உள்ளே இழுத்து, வண்டிக்கு அருகில் தூக்கும்போது மட்டும்தான் அந்தக் கணக்கு. விமான உடலின் மேல் பூமை நீட்டினால் தாங்கும் எடை சில டன்னுக்கு இறங்கிவிடும். கிரேனின் அட்டவணையை ஆபரேட்டரோடு உட்கார்ந்து படித்துவிட வேண்டும். உடலைத் தொங்கவிட்டபடி ஹைட்ரா நகரவே கூடாது. அது அப்படியே நிற்க, டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் கீழே கொண்டுவர வேண்டும்.

ஸ்லிங் கோணத்தை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். 2 டன் உடலை இரண்டு கால் ஸ்லிங்கில், தரைமட்டத்துக்கு 60 பாகைக் கோணத்தில் தூக்கினால் ஒரு காலில் 1.15 டன், உடலை உள்நோக்கி நசுக்கும் விசை ஏறத்தாழ 580 கிலோ. அதே ஸ்லிங்கைக் குட்டையாகப் போட்டு 30 பாகை ஆக்கினால் ஒரு காலில் 2 டன். நசுக்கும் விசை 1.7 டன்னைத் தாண்டிவிடும். உடல் முட்டை ஓடு போல உள்வாங்குவது இதனால்தான். ஸ்லிங் கால்களை அகட்டிப் பிடிக்கும் ஸ்பிரெடர் பீம் போட்டு ஸ்லிங்கைச் செங்குத்தாக இறக்கிவிட்டால் நசுக்கும் விசையே இருக்காது. பெல்ட் ஸ்லிங் மட்டும் போட வேண்டும், இரும்பு ஒயர் வேண்டாம். மூக்கிலும் வாலிலும் ஒவ்வொரு கயிறு கட்டி ஆளுக்கொன்று பிடிக்க வேண்டும். சைகை ஒருவர் மட்டும். சுற்றி நிற்கிற பத்துப் பேரும் ‘வரட்டும் வரட்டும்’ என்று கத்தினால் ஆபரேட்டர் யார் பேச்சைக் கேட்பார்? ஆனால் ‘நிறுத்து’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். இதைக் காலையில் வேலை தொடங்கும் முன்பே எல்லாரையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள். பாலாற்றுச் சமவெளியில் பிற்பகலில் காற்று கிளம்பும். இறக்கை தூக்கும் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடிப்பது உசிதம்.

கட்டுவது. பிரேக் அடிக்கும்போது லோடு அதன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே போகப் பார்க்கும், திருப்பத்தில் பக்கவாட்டிலும் வண்டி கிளம்பும்போது பின்புறமும் 0.5 பங்கு. பல நாடுகளில் லோடு கட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. இரண்டரை டன் லோடுக்கு முன்னோக்கி 2 டன். நேர்க்கோட்டில் 2,500 கிலோ தாங்கும் 50 மி.மீ. ரேட்செட் பெல்ட், கீழேயும் பக்கத்திலும் சாய்வாக ஓடும்போது முன்பின் திசையில் பாதிதான் பிடிக்கும். ஆக இரண்டு பெல்ட் கணக்குக்குச் சரி, நான்கு பெல்ட் மனத்துக்குச் சரி. முன்னே நான்கு, பின்னே நான்கு. கட்டும் இடம் ஜாக் பாயின்ட் (ஜாக்கி வைத்துத் தூக்கும் இடம்), சக்கரக்காலின் மேல் இணைப்பு, இறக்கைப் பின் துளை போன்ற கனமான இடங்கள். உடலைச் சுற்றிப் பெல்ட் போட்டு ரேட்செட்டைக் கடப்பாரை வைத்து முறுக்குவது லாரி செட்டுப் பழக்கம். இரும்புச் சுருளுக்கு அது சரி, விமானத்துக்குச் சரிவராது. மேலே ஓடும் பெல்ட் கனமான ஃபிரேமின் மேல், அடியில் ரப்பரோடு, கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும்.

விமானத்தைச் சொந்தச் சக்கரத்தில் நிறுத்திக் கட்டினால் ஓலியோவும் டயரும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அமுங்கி எழும், பெல்ட் தளர்ந்துவிடும். நாட் போலச் சக்கரத்தில் நிற்க வைப்பதானால் ஓலியோவுக்கு மரக்கட்டை வைத்துப் பூட்டி அசைவை நிறுத்த வேண்டும். முதல் பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை. எஞ்சின் உள்ளேயே வருகிறதென்றால் முன்னும் பின்னும் பிளைவுட் மூடி போடுங்கள். ஓட்டக் காற்றில் எஞ்சின் தானாகச் சுற்றினால் எண்ணெய் இல்லாத பேரிங் கெட்டுவிடும். மிக்-21 மூக்கின் நீண்ட பிட்டாட் கம்பியை (வேகம் அளக்கும் குழாய்) முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள். அது ஆளின் கண்ணைப் பதம் பார்க்கும், வழியில் காணாமலும் போகும். பெயர்த்தகடுகளும் அப்படித்தான்.

வழி. தாம்பரத்திலிருந்து வந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கண்டெய்னர் நெரிசல். வாலாஜா வரை ஆறுவழி விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதைகளில் திடீர் மேடு பள்ளம். லோ-பெட்டின் வயிறு தட்டும் இடங்கள் இவைதான். பெங்களூரிலிருந்து வந்தால் ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழி தேசிய நெடுஞ்சாலை 48. கோலார், பேரணாம்பட்டு, குடியாத்தம் வழி 75ஆம் எண் சாலை வரைபடத்தில் கவர்ச்சியாகத் தெரியும். பேரணாம்பட்டுக்கு மேலே மலைப்பாதை வளைவுகளில் நீள டிரெய்லரைத் திருப்பப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். டோல்கேட்டில் ஓரத்து அகல லேனை மட்டும் பிடிக்க வேண்டும். மற்ற லேன்கள் 3.2 மீட்டர்தான்.

வழியை முந்தைய வாரமே காரில் போய்ப் பார்த்து வர வேண்டும். பார்க்கும் காரின் முன்னால், லோடின் உயரத்துக்கு 30 செ.மீ. கூட்டி ஒரு பி.வி.சி. குழாயை நட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். அது எதைத் தொட்டாலும் வண்டியை நிறுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையைக் கடக்கும் மின்கம்பிக்கு விதிப்படி தாழ்வழுத்தம் என்றால் 5.8 மீட்டர், உயரழுத்தம் என்றால் 6.1 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வெயிலில் தொய்ந்த கம்பிக்கு விதி தெரியாது. அதைவிடத் தொல்லை கேபிள் டி.வி. ஒயர், இணைய ஒயர், திருவிழா வளைவு, கட்சித் தோரணம், புளியமரக் கிளை. கேபிள் ஒயரை உலர்ந்த மூங்கிலால் தூக்கிவிடலாம் என்று எல்லாரும் செய்கிறார்கள். அது கேபிள்தானா என்று மின்வாரிய ஆள் பார்த்துச் சொன்ன பிறகே தொடலாம். மின்கம்பி என்றால் லைனை நிறுத்தி அவர்கள்தான் தூக்க வேண்டும்.

வேலூர் நகருக்குள் வந்த பிறகு சோதனை கூடும். கிரீன் சர்க்கிளில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்குவது, காட்பாடி சாலை, சி.எம்.சி. இருக்கும் ஆற்காடு சாலை எதுவுமே பகலில் ஆகாது. ஆற்காடு சாலையில் ஆம்புலன்ஸ் வழி மறிபடும் என்பதால் எந்த நேரத்திலும் அதைத் தவிர்ப்பதே நியாயம். அனுமதிக் கடிதத்தில் கொடுத்த நேரத்துக்குள் அதிகாலையில் நுழைந்து, விடிவதற்குள் இடத்தில் நிற்கும்படி திட்டமிட வேண்டும். டிரெய்லர் திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும், அங்கே ஒரு ஆள் நின்று பைக்குகளை நிறுத்த வேண்டும். ஓட்டுநர் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு: ராணிப்பேட்டை பெல் ஆலைக்கு ஓ.டி.சி. லோடு ஓட்டிப் பழகியவர்கள் இந்தப் பக்கமே கிடைக்கிறார்கள். முத்துக்கடையில் நீள வண்டியைத் திருப்பிய கைக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும்.

காகிதங்கள்: ஒதுக்கீட்டு உத்தரவு, ஆயுதநீக்கச் சான்று, கேட் பாஸ், டெலிவரி சலான், ஈ-வே பில், ஓ.டி.சி. அனுமதி, மாவட்டக் காவல்துறைக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், பயணக் காப்பீடு. ஒரிஜினல் ஒருவரிடம், இரண்டு செட் நகல் டிரைவரிடம். போர் விமானம் லாரியில் போவதைப் பார்த்தால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நிறுத்திக் கேட்பார்கள், அது அவர்கள் கடமை. உடலைத் தார்ப்பாயால் மூடினால் கேள்வி குறையும். ஆனால் தளர்ந்த தார்ப்பாய் காற்றில் அடித்துப் பெயின்டையும் கேனபியையும் தேய்த்துவிடும். கேனபிக்கு மட்டும் மெத்தென்ற துணி போட்டு இறுக்கிக் கட்டுவது போதும். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் சேரும், பிள்ளைகள் ஏறப் பார்ப்பார்கள். ஆம்பூர் பிரியாணிக் கடை வாசல் இதற்கு ஏற்ற இடமில்லை. சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரு ஆள் எப்போதும் வண்டியோடு இருக்க வேண்டும்.

மாதம் பார்த்துக் கிளம்புங்கள். பொங்கலுக்குப் பிறகு மார்ச் நடுவரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் கிரேனின் கால் மண்ணில் புதையும். கத்திரி வெயிலில் தகட்டைத் தொட முடியாது, டேங்க் ஆவியும் கூடும்.

இறக்கும் இடத்தில் முதலில் உடல், பிறகு இறக்கை வேண்டும். ஆகவே இறக்கை வண்டி இரண்டு மணி நேரம் பின்தங்கி வந்தால் போதும்; முன்னால் வந்துவிட்டால் உடல் வண்டிக்கு வழி இருக்காது. பீடத்தின் கான்கிரீட் குறைந்தது 28 நாள் இறுகியிருக்க வேண்டும். கிரேன் கால்களுக்கு அடியில் இரும்புப் பலகை அல்லது ரயில் ஸ்லீப்பர் கட்டை. புதிதாக மண் கொட்டி மட்டம் செய்த இடத்தில் கிரேனை நிறுத்தவே கூடாது, மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இளகியிருக்கும். பூட்டும்போதும் அதே பின் விதிதான்: கையால் சுற்றினால் உள்ளே போகும். போகவில்லை என்றால் இறக்கையை அசைத்துப் புள்ளியைத் தேட வேண்டும், அடிக்கக் கூடாது.

பூட்டி முடித்ததும் உடலின் அடியிலும் இறக்கையின் அடியிலும் இருக்கும் சிறு வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெயின்ட் அடிப்பவர் அவற்றைப் புட்டி வைத்து அடைத்துவிடுவார். காற்றுத் துளைக்கும் எஞ்சின் வாய்க்கும் 10 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை போடுங்கள், இல்லையென்றால் முதல் மாதத்திலேயே புறா குடியேறும், அதன் எச்சம் அலுமினியத்தை அரிக்கும். டயரில் எடை நிற்க விடாமல், சக்கரக்காலின் ஜாக் பாயின்ட்டுக்கு அடியில் இரும்புத் தூண் கொடுத்து டயர் தரையை லேசாகத் தொடும்படி வைத்தால் ரப்பர் வெடித்தாலும் விமானம் சாயாது. அந்தத் தூணின் தலைக்கும் ஒரு துண்டு ரப்பர் வைக்க வேண்டும்.